லயத்து முகவரியில் ஓர் ஓட்டு

வளைகுடா நகரம் ஒன்றில், பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். சில வருடங்களுக்கு முன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அங்குள்ள நம் தூதரகத்தின் சேவை மையத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த வடநாட்டுக்காரர் என் முகவரியைப் படித்துவிட்டு, ‘லயம்’ என்பது அபார்ட்மென்ட்டின் பெயரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள். அபார்ட்மென்ட்தான், என்ன, படுத்துக் கிடக்கும் அபார்ட்மென்ட்.

கேரளத்தில், மூணாறு மலையில் பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறது அந்த லயம். வீடு கம்பெனியுடையது. அப்பாவுக்கு வேலை இருக்கும்வரைதான் எங்களுக்கு வீடு. அவர் ஓய்வுபெற அப்போது ஆறு மாதம் பாக்கி. ஆனாலும் ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டத்தில் வேறு எதை எழுதுவது? தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு இருந்த முகவரி அது ஒன்றுதான். புது பாஸ்போர்ட்டிலும் அதுவே அச்சானது.

அதற்கு முந்தைய வருடமே வெளிநாட்டு வாக்காளராக என் பெயரைச் சேர்த்திருந்தேன். பாஸ்போர்ட்டில் எந்த முகவரியோ, அந்த ஊர் பூத்தில் ஓட்டு. தபாலில் அனுப்ப முடியாது, தூதரகத்திலும் போட முடியாது. பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேரில் போய் நிற்கவேண்டும்.

அப்பா ஓய்வுபெற்றார். லயத்தைக் காலி செய்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், போடியில் அக்கா வீட்டோடு போய்விட்டார். தன் ஓட்டையும் அங்கே மாற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தேர்தல் அறிவித்ததும் ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் போன் செய்தால் சிரிக்கிறார்.

“ஏத்தா, ஒரு ஓட்டுக்காகவா பிளேன் ஏறி வர்ற? அங்க நமக்கு என்ன இருக்கு?”

“ஓட்டு இருக்குப்பா.”

எரிச்சலோடுதான் சொன்னேன். போடியில் எங்களை மலையாளத்துக்காரர்கள் என்பார்கள். மலையில் பாண்டிக்காரர்கள் என்பார்கள். வீடு எங்களுடையதில்லை, வீட்டைச் சுற்றி அம்மா பீன்ஸ் போட்ட மண்ணும் எங்களுடையதில்லை. அம்மாவைப் புதைத்த இடமும் கம்பெனி நிலம். நான் இந்த மலையைச் சேர்ந்தவள் என்று எழுத்தில் சொல்வது அந்த வாக்காளர் பட்டியல் மட்டும்தான். அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தேர்தலன்று அப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். போடியிலிருந்து முதல் பஸ், மூணாறில் இறங்கி ஜீப். நான் படித்த எஸ்டேட் பள்ளிக்கூடம்தான் பூத். அங்கே ஓட்டு இல்லாததால் அப்பா வேலிக்கு வெளியே நின்றுகொண்டார்.

பட்டியலோடு உட்கார்ந்திருந்தவர் ஒரு மலையாளி டீச்சர். எங்கள் லயத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “பேரு இல்லல்லோ” என்றார்.

“கடைசியில பாருங்க டீச்சர். வெளிநாட்டு வோட்டர்னு தனியா போட்டிருக்கும்.”

இருந்தது. அந்தத் தலைப்பின் கீழே என் பெயர் மட்டும், தனியாக. மூச்சு விட்டேன். ஆனால் டீச்சர் பாஸ்போர்ட்டையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நம்பர் வேறயாணு” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட் எழுந்தான். “டீச்சர், இவுங்க இங்க இல்ல. அவுங்கப்பா லயத்தக் காலி பண்ணிட்டு போடிக்குப் போயி ரெண்டு வருசமாச்சு.”

சொன்னவன் யார் என்கிறீர்கள்? பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் அவன் வீட்டில் தும்முவார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“ஆமாடா, நான் இங்க இல்லதான். இல்லாதவங்களுக்குத்தான் அந்தப் பக்கமே. இங்கனயே இருந்தா எதுக்குடா அதுல எம் பேரு?”

“கோவப்படாதீங்கக்கா. என்னைய உக்கார வச்சதே இதுக்குத்தான்” என்றான். அதுவும் நியாயம்தான்.

டீச்சர் எங்கள் சண்டையைக் கண்டுகொள்ளவில்லை. நான் பாஸ்போர்ட்டைத் திருப்பி முகவரி இருந்த பக்கத்தை விரித்தேன். அந்த முகவரிக்குக் கீழேயே, நான் பட்டியலில் சேர்ந்தபோது இருந்த பழைய பாஸ்போர்ட்டின் எண் அச்சாகியிருக்கும். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் காட்டினேன். அவரும் ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். பிரிசைடிங் ஆபீசரைக் கூப்பிட்டுக் காட்டினார். “சரியாணு” என்று அவரும் தலையாட்டினார். ஏஜென்ட் உட்கார்ந்துவிட்டான்.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது டீச்சர் அன்பாகத்தான் சொன்னார். “நாட்டுல திரிச்சு வந்தா இது கட்டாகும், கேட்டோ. அப்போ தாமசிக்கிற வீட்டு அட்ரஸ் வெச்சு புதுசா அப்ளை செய்யணும்.”

தலையாட்டிவிட்டுப் போய் ஓட்டைப் போட்டேன். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் அவர் சொன்னது உறைத்தது. வெளிநாட்டில் இருக்கும்வரைதான் நான் இந்த ஊர்க்காரி. வேலையை முடித்துக்கொண்டு இங்கே திரும்பி வந்தால், எந்த வீட்டில் இருக்கிறாய் என்று கேட்பார்கள். காட்டுவதற்கு எனக்கு வீடு இல்லை. அழுகை வந்தது. கூடவே பழைய கோபமும் வந்தது, நல்லவேளை.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “அதனாலென்னத்தா, வந்ததும் போடில சேத்துக்கிரலாம்” என்றார்.

“இல்லப்பா. கான்ட்ராக்ட் முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அதுக்குள்ள இந்த மலையில ரெண்டு சென்டாவது வாங்கி நாலு சுவரு எழுப்பிருவேன். எங் கையிலயே ஒரு கதவு நம்பர் இருக்கணும்.”

அப்பா வேலியைப் பிடித்தபடி, ஓட்டுப் போட நின்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பாதிப் பேர் அவரோடு வேலை செய்தவர்கள்.

“சரிவுல வாங்கிறாத, மழைக்கு மண்ணு இறங்கிரும்” என்றார் மெதுவாக. “வீடு கட்டுனா எனக்கும் ஒரு ரூம்பு போடு. அந்த அட்ரஸ்ல எம் பேரையும் சேத்துரு.”