ஆறு பேர் பிடித்த பொயிண்ட்ஸ் சீட்டு

1. முதல் நாள் ஏச்சு

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள டிரவல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு தேயிலைத் தோட்டத்து மனேஜர் துரையிடம் நன்றாக ஏச்சு வாங்கினேன். டிக்கட்டில் அவருடைய மெம்பர் நம்பரைப் போடவில்லையாம். அது என்ன நம்பர் என்றே எனக்குத் தெரியாது. முதலாளி றாஸிக் நானா ஓடி வந்து சமாளித்தார்.

துரை போன பிறகு சொன்னார்: "புள்ள, இவங்க ப்ளைட்ல போற ஒவ்வொரு தரமும் கொம்பனி பொயிண்ட்ஸ் குடுக்கும். சேத்து வெச்சா டிக்கட்டே எடுக்கலாம். டெக்ஸ் மட்டும் கட்டினா போதும். நம்பர் போட மறந்தா நம்மளச் சும்மா வுடுவாங்களா?"

அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை. துரை, டொக்டர், லண்டனில் மகன் இருக்கும் பள்ளிக்கூட மாஸ்டர் என்று யார் வந்தாலும் மெம்பர் ஃபோமை எடுத்து நீட்டுவேன். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பெண்கள் வந்தால் மட்டும் நீட்டமாட்டேன். ஃபோமில் ஈமெயில் கேட்பார்கள், இவர்களுக்கு ஏது ஈமெயில் என்று நானே தீர்மானித்துவிட்டேன். நானும் லயத்துக் காம்பராவில் பிறந்தவள்தான். இருந்தும் புத்தி அப்படிப் போயிருக்கிறது.

2. "அவருக்கு மட்டும் என்னாங்க குடுத்தீங்க?"

இப்படியே பல வருடங்கள் ஓடின. ஒரு நாள் ஒரு மாஸ்டருக்கு ஃபோம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அடுத்து நின்றவள் பாக்கியம். றொசல்லப் பக்கத்துத் தோட்டம். வெளிநாட்டில் ஒரு வீட்டில் ஒன்பது வருடமாக வேலை. லீவில் வந்து திரும்பிப் போகும் டிக்கட்டை வாங்க நின்றாள். மாஸ்டர் நகர்ந்ததும் கேட்டாள்.

"அக்கா, அவருக்கு மட்டும் என்னாங்க குடுத்தீங்க?"

விளக்கினேன். அவள் முகம் சட்டென்று மாறியது. "நான் எத்தன தரம் போயி வந்துட்டேன். எனக்கு இல்லீங்களா?"

சேர்வதற்கு முன்னால் பறந்ததெல்லாம் போனது போனதுதான். கடைசிப் பயணத்துக்கு மட்டும், போர்டிங் பாஸின் துண்டு இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். பாக்கியம் மறுநாளே கொண்டு வந்தாள். பத்திரமாகப் போய் வந்ததற்காக அதைச் சாமிப் படத்தடியில் வைத்திருந்தாளாம். துண்டில் திருநீறும் குங்குமமும் அப்பியிருந்தன. துடைத்து, டிக்கட் நம்பரை வாசித்து அனுப்பினேன். பொயிண்ட்ஸ் ஏறியது.

அவளுடைய போனிலேயே அவள் பெயரில் ஈமெயில் திறந்து கொடுத்தேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கடை ஈமெயிலைப் போட்டுக் கணக்குத் திறக்காதீர்கள். அது அவர்களுடைய பொருள், சாவி அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் பாக்கியம் இன்னும் ஐந்து பேரை வாட்ஸ்அப்பில் பிடித்துத் தந்தாள். எல்லாரும் சுற்றுவட்டத் தோட்டத்துப் பெண்கள், அங்கே ஒரே நகரத்தில் வேலை செய்பவர்கள். வேலை செய்யும் வீட்டுக்குச் சாமான் வாங்கும்போது சூப்பர் மார்க்கட்டில் இந்த நம்பரைச் சொன்னாலும் பொயிண்ட்ஸ் சேரும் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். "மெடம்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றோம். அவங்களுக்கு இதெல்லாம் தூசிங்க" என்றாள். இது எனக்கே தெரியாத விஷயம்.

3. தை மாதத்து டிக்கட்

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு கார்த்திகை மழையில் பாக்கியத்தின் புருஷன் தியாகு நனைந்துகொண்டு வந்தார். ஃபெக்டரியில் வேலை செய்பவர்.

"மிஸ், மூத்த மகளுக்குத் தையில கல்யாணம். பாக்கியத்துக்கு ரெண்டு கெழம, பதினாலு நாள் லீவு குடுத்துட்டாங்க. கொன்ட்ராக்ட் முடியலன்னு டிக்கட் குடுக்க மாட்டாங்களாம். தாய் இல்லாம எப்புடிங்க தாலி கட்றது?"

விலையைப் பார்த்துச் சொன்னேன். பண்டிகைக் காலத்து விலை அது. விலை குறையும் செவ்வாய், புதன் பார்த்தேன். வேறு ஊரில் இறங்கி மாறும் ப்ளைட் பார்த்தேன். பெட்டி இல்லாத டிக்கட்டும் பார்த்தேன். எதுவும் எட்டவில்லை. பாக்கியத்தின் பொயிண்ட்ஸ் ஒரு வழிக்கே போதாது. அவள் வேலை செய்யும் வீட்டில் ஒரு கிழவரும் கிழவியும் மட்டும்தான். சாமான் அதிகம் வாங்குவதில்லை.

அன்று மாலை பாக்கியமே கோல் எடுத்தாள். "அக்கா, ஒருத்தி பொயிண்ட்ஸ்ல இன்னொருத்திக்கு டிக்கட் எடுக்கலாமா?"

"எடுக்கலாம். முன்கூட்டியே பேர் பதியணும். ஆனா காசுக்கு விக்கக் கூடாது. கண்டுபிடிச்சா கணக்கையே மூடிருவாங்க."

"காசு எதுக்குங்க? நாங்க தோட்டத்துல சீட்டுப் பிடிக்கலியா? அது மாதிரிதான். வர்றதுக்கு ரோஸ்மேரியோடது, போறதுக்கு லெட்சுமியோடது. அடுத்து யாருக்கு அவசரமோ அவளுக்கு நான் சேத்தது. ஆறு பேரும் பேசிட்டோம்."

பத்தொன்பது வருடம் டிக்கட் போட்ட எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இவளைக் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தே தீருவது என்று அந்த நிமிடமே முடிவெடுத்தேன்.

பொயிண்ட்ஸுக்கு ஒதுக்கும் சீட் கொஞ்சம்தான். யாராவது கென்சல் பண்ணினால்தான் திறக்கும். தினமும் கடை திறந்ததும் முதல் வேலை அதுதான். றாஸிக் நானாவுக்குப் பொறுக்கவில்லை.

"பொயிண்ட்ஸ் டிக்கட்ல நமக்குக் கொமிஷன் ஈக்கா புள்ள? இதுல கெடந்து என்னத்துக்கு மாயிறீங்க?"

"கொமிஷன் இல்லதான் நானா. பத்து வருசமா நம்மகிட்டதானே டிக்கட் எடுத்தாங்க? அந்தக் கொமிஷன வாங்கிக்கிட்டோம்தானே?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பதினோராம் நாள் ஒரு சீட் திறந்தது. அழுத்தினேன். ரோஸ்மேரியின் போனுக்கு ஓடிபி போனது. போன் மெடத்தின் அலுமாரிக்குள். வேலை முடிந்தால்தான் கையில் கொடுப்பார்களாம். பத்து நிமிடம் கடந்தது, சீட்டும் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரோஸ்மேரி மெடத்திடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு கிழமைக்கு மட்டும் போனைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினாள்.

பதினாறாம் நாள் மறுபடி திறந்தது. அப்போது பார்த்து கவுன்டரில் ஆறேழு பேர். றாஸிக் நானா எழும்பி வந்து, "நீங்க அதப் பாருங்க, இவங்கள நான் பாத்துக்கிறேன்" என்றார். ரோஸ்மேரி கொண்டையூசியைக் கழற்றும் வேகத்தில் நம்பரை அனுப்பினாள். டிக்கட் விழுந்தது. திரும்பிப் போவதற்கு லெட்சுமியின் பொயிண்ட்ஸில் அதற்கு அடுத்த நான்காம் நாளே கிடைத்துவிட்டது. டெக்ஸை மட்டும் தியாகு கட்டினார்.

4. அவள் கேட்டது

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. நானும் போயிருந்தேன். தாலி கட்டும்போது பாக்கியம் மகளுக்குப் பக்கத்தில் நின்று அட்சதை போட்டாள்.

திரும்பிப் போவதற்கு முன்தினம், பயண விவரம் கேட்கக் கடைக்கு வந்தாள். எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அக்கா, ஒன்னு கேட்டா கோவிக்க மாட்டீங்களே? ஏழு வருசத்துக்கு முன்ன இந்த மக பெரிய மனுசி ஆனப்ப, சடங்குக்கு நான் வரணும்னு இவரு இங்கதான் டிக்கட் வெல கேக்க வந்தாரு. கட்டுபடியாகல, நான் வரல. போட்டோவுலதான் பாத்தேன். அப்பவும் இந்த ஃபோம் இருந்துச்சுங்களா?"

தியாகு வந்தது எனக்கு ஞாபகமே இல்லை. அன்று விலையைச் சொல்லி அனுப்பியிருப்பேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

"இருந்துச்சு பாக்கியம். நான்தான் தரல."

அவள் நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "சரி விடுங்க. லெட்சுமியோட மாமியாருக்குச் சொகமில்ல. அடுத்தது அவளுக்கு. இப்பவே பாத்து வைங்க" என்றாள்.

யாருக்கு எது பயன்படும் என்று கவுன்டருக்கு உள்ளே இருந்துகொண்டு நான் இப்போது தீர்மானிப்பதில்லை. இருப்பதை எல்லாருக்கும் சொல்கிறேன். வேண்டுமா வேண்டாமா என்பது அவர்கள் பாடு. இந்த ஒரு பாடத்தை நான் படிக்க, ஒரு தாய் தன் மகளின் சடங்கைப் போட்டோவில் பார்க்க வேண்டியிருந்தது.