தம்புள்ளையிலிருந்து வெறும் லொறியில்

தம்புள்ளையிலிருந்து வெறும் லொறியில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. லொறி என் மூத்த சகோதரர் நானாவுடையது, ஓட்டுவதும் அவர்தான். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நான், அங்கே ஒரு நேர்முகத்துக்குப் போய்விட்டு அவரோடு ஏறிக்கொண்டேன். எங்கள் ஊர் நுரைச்சோலையிலிருந்து வெங்காயம் ஏற்றிப் போவார். வரும்போது பின்னால் தட்டு மட்டும் கடகடத்துக்கொண்டு வரும்.

"இப்பிடியே போனா லொறிய வித்துப்போட்டு கத்தாருக்குப் போயிருவன் தங்கச்சி," என்றார்.

வாரியப்பொலைப் பக்கம் கோழிப் பண்ணை நாற்றம் ஜன்னலால் அடித்தது. நானா மூக்கைப் பொத்தினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் மணலில் எரு இல்லாமல் ஒன்றும் விளையாது. கோழி எருவுக்கு எங்கள் தோட்டக்காரர்கள் அலையாத இடமில்லை.

"நானா, இத ஏத்திட்டுப் போனா?"

"லொறி நாறும்."

"கழுவலாந்தானே?"

அடுத்த பயணத்திலேயே தட்டில் கொட்டி ஏற்றி வந்தோம். அன்று மதியத்துக்குள் எரு முழுவதும் விற்றுப் போய்விட்டது. லொறியைக் கழுவக் கடலோரக் களப்புக்குக் கொண்டுபோகச் சொன்னது நான்தான். மீன் பெட்டிகளை எல்லோரும் அங்கேதானே கழுவுகிறார்கள், உப்புத் தண்ணீர் மணத்தையும் எடுத்துவிடும் என்று விளக்கம் வேறு சொன்னேன்.

மறுநாள் வெங்காயம் ஏற்ற வந்த மாமா, வழக்கம்போலத் தட்டின் பலகையில் கையை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினார். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் நானாவின் லொறி ஓடுவதே பெரும்பாலும் அவருடைய தோட்டத்தால்தான்.

பலகை குடித்திருந்த உப்பை நான் நினைக்கவேயில்லை. போகிற வழியெல்லாம் மழைக்காற்று. உப்பு ஈரத்தை இழுத்து, பலகை வியர்த்து, அடிவரிசை மூட்டைகள் நனைந்துவிட்டன. தம்புள்ளை வியாபாரி அவற்றைத் தொடவில்லை. நானா போனில் சொன்னது ஒன்றுதான்: "மாமாக்கு நீயே போய்ச் சொல்லு."

போனேன். களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"கருவாடு போடுற எண்டா மீன்ல போடணும் மகள்," என்றார் மாமா. "என்ட வெங்காயத்திலயா போடுற?"

"படிச்ச புள்ள லொறியக் களப்புல குளிப்பாட்டினதாம்!" என்றாள் ஒருத்தி. வரம்பு முழுக்கச் சிரிப்பு.

"பிழை என்ட மாமா, நானாட இல்ல. இனி எருவ மூட்டையில கட்டி, கீழ படங்கு விரிச்சுத்தான் ஏத்துவம். தட்டக் கழுவுற வேலையே வராது."

"இப்ப பலகையில ஈக்கிற உப்பு?"

"நல்ல தண்ணில ரெண்டு தரம் கழுவியாச்சு. நீங்க வந்து நக்கிப் பாருங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இந்தக் கிழம மூட்டையள்ல பாதியத் தாறன். அது காய்ஞ்சபடி போய்ச் சேந்தா மிச்சத்தையும் ஏத்து. வாற எருவுல முதல் மூட்டைகள் எனக்கு."

"ஓம் மாமா!"

அன்றே வாரியப்பொலைப் பண்ணைக்காரரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசினேன். வெறும் சாக்குகளைக் கொண்டுவந்தால் தானே கட்டித் தருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை நானும் லொறியில் போகிறேன். அது சரிவந்தால், எங்கள் பக்கத்துக் கரைத்தீவிலிருந்து தம்புள்ளைக்குப் போய் வெறுமையாகத் திரும்பும் இன்னும் இரண்டு லொறிக்காரர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.