விடைப் புத்தகத்தைப் பூட்டி வைத்தவள்

மருந்துக்கடையில் பதினோரு வருஷம் நின்றவளுக்கு அங்கே வைத்த பெயர் மாத்திரை. அட்டை இல்லாமல் ஒரே ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்தால் போதும். நிறத்தையும் நடுக்கோட்டையும் பார்த்து இது ரத்த அழுத்தத்துக்கு, இது வயிற்றுக்கு என்று பட்டென்று சொல்லிவிடுவாள். எந்த டாக்டரின் கிறுக்கலும் அவளிடம் வாலாட்டியதில்லை. முதலாளி வெளியூர் போனால் கல்லாச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி பள்ளி இறுதித் தேர்வில் மொழிப் பாடத்தில் கோட்டை விட்டவள் என்பது கடையில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சின்போது மட்டும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். "பாஸ்" என்றார் அவள் அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பொய் பதினான்கு வருஷம் ஒரு தொந்தரவும் தராமல் கிடந்தது. புருஷன் லாரி டிரைவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்த நாலு நாளும், "என் பொண்டாட்டி படிச்சவ, கடையையே தூக்கி நிறுத்துறா" என்று கண்டவரிடமெல்லாம் பெருமையடிப்பான். கேட்கும்போது அவளுக்கு முதுகு கூசும். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பதினோரு வயது மகள் பள்ளியில் பேசுவதை நிறுத்தியபோதுதான் வினை வந்தது. கேட்டால் பதில் இல்லை, கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். மெல்ல மெல்ல வீட்டிலும் அதேதான். காது நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். ஏன் என்று அம்மா கேட்காத நாளில்லை. மகள் வாயைத் திறக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை காலணியை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுததை அம்மா பார்த்தாள். அன்றைக்கே பள்ளிக்குப் போய்ப் பெயரை வெட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டிலேயே பாடம் நடத்தலாம், கல்வி அலுவலகம் அனுமதி தரும். ஆனால் கற்பிப்பவர் பள்ளி இறுதித் தேர்வாவது தேறியிருக்க வேண்டும். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அவள் 'தேர்ச்சி' என்று எழுதினாள். அதற்குக் கீழே, தகவல் பொய்யானால் அனுமதி ரத்தாகும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மருந்துச் சீட்டின் பொடி எழுத்தையெல்லாம் ஊன்றிப் படிக்கிறவள், இதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

கடை வேலையை விட்டாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவரும் அதில் இறங்கும் கழிவுநீர்க் குழாயும். மேஜைக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அறிவியலையும் மருந்துக்கடை அனுபவத்தை வைத்துச் சமாளித்தாள். இலக்கணம்தான் கைக்கு வரவில்லை.

புத்தகக் கடையில் வீட்டுப் பாடத்துக்கென்றே மூன்று இலக்கணப் பாடத்திட்டங்கள் வைத்திருந்தார்கள். முதலாவது கனமான ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் 'கற்பிப்பவர் விளக்குக' என்றிருந்தது. எதை விளக்க என்று மூடி வைத்தாள். இரண்டாவதில் காணொளி. அம்மாவும் கூட உட்கார்ந்து, நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டுமாம். அதையும் மூடினாள். மூன்றாவதன் முன்னுரையில் ஒரு வரி: 'பெற்றோருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.' அந்த வரியை எழுதிய புண்ணியவானைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு. நாலு நாள் பாடம். ஐந்தாம் நாள் பழைய பாடங்களையும் கலந்து ஒரு மீள்பார்வை அட்டை. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ என்று மூன்று விடை. பிள்ளை தானே எழுதி, விடைப் புத்தகத்தைப் பார்த்துத் தானே திருத்தி, தப்பு ஏன் வந்தது என்று தானே ஒரு வரி எழுத வேண்டும். பெற்றோர் கடைசியில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

முதல் வாரம் அப்படியே நடந்தது. மகள் பத்து நிமிஷத்தில் திருத்தி முடித்து நோட்டை நீட்டினாள். அம்மா கையெழுத்துப் போட்டாள். வேலை முடிந்தது. அப்போது அந்தப் பெண், பல மாதமாக எதையும் கேட்காத அந்தப் பெண், வாயைத் திறந்து, "ஏம்மா இது 'ஆ' வருது? 'இ' ஏன் வரல?" என்று கேட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நேரம். இவளோ அடுப்பைப் பார்த்தாள். "பால் பொங்குது" என்று எழுந்து போனாள். அடுப்பில் பாலே இல்லை.

மறுவாரம் விடைப் புத்தகம் அலமாரிக்குள் போய்த் துணிகளுக்கு அடியில் பதுங்கியது. சாவி அவள் இடுப்பில். "இனிமே திருத்துறது என் வேலை. நீ எழுதினா போதும்" என்றாள். மகள் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். விடைப் புத்தகத்தை மகளிடம் கொடுத்துவிட்டால் தனக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்பதுதான் அவளுக்கு இருந்த பயம். சிவப்புப் பேனா கையில் இருந்தவரை அவள் டீச்சர். இல்லாவிட்டால் பரீட்சையில் தோற்றவள்.

சந்தேகம் கேட்டால் என்ன செய்வது என்று ஒரு பாடம் முன்கூட்டியே படித்து வைக்கப் பார்த்தாள். அதற்கும் மகளுக்குத் தெரியாத இடம் வேண்டுமே. குளியலறைதான் கிடைத்தது. குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுவாயும் பயனிலையும் படித்தாள். ஒருநாள் பாடத்தில் 'மாத்திரை' என்ற சொல்லைக் கண்டு, அட, நம்ம ஆள் என்று முகம் மலர்ந்தாள். அது கண்ணிமைக்கும் நேரமாம். கடுப்பில் புத்தகத்தை மூடினாள். வெளியிலிருந்து, "அம்மா, எவ்ளோ நேரம் குளிப்ப? தண்ணி தீர்ந்துரும்" என்று குரல் வந்தது. தலையை நனைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த மாதம் முழுக்க அவளுக்கு ஜலதோஷம்.

முதல் பாகம் முடிந்ததும் இரண்டாம் பாகம் வாங்கப் போனாள். பாடநூல் இருந்தது, விடைப் புத்தகத்தில் போன பதிப்புதான் இருந்தது. "எல்லாம் ஒண்ணுதாம்மா, அட்டைதான் வேற" என்றார் கடைக்காரர். மருந்தாக இருந்தால் நம்பியிருப்பாளா? பெயரில் ஓர் எழுத்து மாறினாலே மூன்று முறை சரிபார்க்கிறவள். இலக்கணம் ஆயிற்றே, சட்டென்று தலையாட்டிவிட்டாள்.

இரண்டாம் பாகம் தொடங்கிய ஒன்பதாம் பாடத்திலிருந்து மகளின் மீள்பார்வையில் தப்புகள் வர ஆரம்பித்தன. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. அம்மா சிவப்பில் பெருக்கல் குறி போட்டுப் பக்கத்தில் சரியான எழுத்தை எழுதுவாள். "கவனம் எங்க போகுது உனக்கு?" என்பாள். மகள் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்ப்பாள். பிறகு தான் எழுதியதை அடித்துவிட்டு அம்மா எழுதியதை எழுதுவாள். ஏன் தப்பு வந்தது என்று எழுத வேண்டிய வரியில் ஒவ்வொரு முறையும் 'கவனக்குறைவு' என்றே எழுதினாள். பக்கத்து வீட்டுப் பூனை, மழை, அப்பா வரும் நாள் என்று மற்றதெல்லாம் இப்போது பேசினாள். பாட மேஜையில் மட்டும் கட்டைவிரல் முஷ்டிக்குள் போய்விடும்.

அம்மாவுக்கு மூச்சு முட்டியது. கடை முதலாளி போனில், "காலையில நாலு மணி நேரம் வந்தாக்கூடப் போதும்மா" என்று கெஞ்சினார். ஆசையாகத்தான் இருந்தது. தான் தலைநிமிர்ந்து நின்ற ஒரே இடம் அதுதான். ஆனால் மகளைத் தனியாக விட்டால் அவளே பாடத்தைப் பார்த்துக்கொள்வாள் என்பதே இவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. தன்னைத் தானே ஆணி அடித்ததுபோல் அந்த நாற்காலியில் இருத்திக்கொண்டாள். புருஷன் போன் செய்தால், "என்ன டீச்சரம்மா, பாடமெல்லாம் எப்படிப் போகுது?" என்று சிரிப்பான். "போகுதுங்க" என்பாள். ஒருமுறை உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து அவன் பக்கத்தில் யாரிடமோ, "என் வீட்டம்மாதான், பிள்ளைக்கு அவங்களே சொல்லித் தர்றாங்க" என்று சொல்வது கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

ஆறு மாதம் முடிந்து கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மாள். முன்பு மொழி ஆசிரியையாக இருந்தவர். மூன்று மாடி ஏறியதில் முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். பிள்ளை வீட்டில் தேறுகிறாளா, தானாகப் படிக்கப் பழகியிருக்கிறாளா என்று அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் அனுமதி நீளும். இல்லையென்றால் அடுத்த மாதமே பழைய பள்ளி. கணக்கு நோட்டைப் பார்த்துத் தலையசைத்தார். அறிவியலைப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றார். மீள்பார்வை நோட்டில் நின்றுவிட்டார்.

"இதை யார் திருத்தினது?"

பிள்ளைதான் திருத்த வேண்டும் என்று பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருப்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? "அவளேதான் மேடம். இந்தப் புத்தகத்துல அப்படித்தான்" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அதிகாரி மகளைப் பார்த்தார். "நீயா கண்ணு? முதல்ல சரியா எழுதியிருக்க. அப்புறம் அதை அடிச்சிட்டுத் தப்பை எழுதியிருக்க. ஒண்ணு ரெண்டு இல்ல, பக்கத்துக்குப் பக்கம் இருக்கு. ஏன் அப்படிச் செஞ்ச?"

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. "ஆமா, நான்தான்" என்றாள். பிறகு தரையைப் பார்த்தாள். ஏன் என்று அதிகாரி இரண்டு முறை கேட்டும் கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கிக்கொண்டே நின்றாள். அவர் பெருமூச்சு விட்டார். "சரியானதையே சந்தேகப்பட்டு மாத்துதே பிள்ளை. தானா சரிபார்க்கத் தெரியல. பள்ளிக்கூடத்துல இருந்தா கவனிக்க ஆளிருக்கும்னு தோணுதும்மா" என்று பேனாவைத் திறந்தார்.

சும்மா இருந்தால் மகள் போய்விடுவாள். பேசினால் படிவம் பொய் என்றாகி, அப்போதும் மகள் போய்விடுவாள். எந்தப் பக்கம் போனாலும் சுவர். ஆனால் ஒரு பக்கத்தில், செய்யாத தப்பைத் தலையில் சுமந்துகொண்டு அந்தப் பெண் போக வேண்டும். அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"நான்தான் மேடம் திருத்தினேன்" என்றாள். "எனக்கு இலக்கணம் தெரியாது. நான் பாஸும் பண்ணல. படிவத்துல எழுதினது பொய்." அலமாரியைத் திறந்து விடைப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அதிகாரி புரட்டினார், பாடநூலோடு ஒப்பிட்டார். "இது பழைய பதிப்பு. சில கேள்வி இடம் மாறியிருக்கு. இதை வச்சா திருத்தினீங்க?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. மகளிடம் திரும்பினார். "நீ எழுதினது சரின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

அந்தப் பெண் கட்டைவிரலை முஷ்டிக்குள்ளிருந்து எடுத்தாள். "பள்ளிக்கூடத்துல சார் போர்டுல தப்பா எழுதினாரு. நான் சொன்னேன். அதுலேர்ந்து என்னை மட்டும் தனியா கடைசியில உட்கார வச்சாங்க. யாரும் எங்கூடப் பேசக் கூடாதுன்னாங்க. அதான் வீட்டுக்கு வந்தேன்." மூச்சை இழுத்தாள். "வீட்டுலயும் சொன்னா என்னை எங்க அனுப்புவாங்க?"

அதிகாரி பேனாவை மூடினார். படிவத்தைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மேலிடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும், என்ன முடிவு வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, கடிதம் வரும்வரை இப்படியே நடக்கட்டும் என்றார். அம்மா எழுதினாள். 'தேர்ச்சி' என்றிருந்ததை அடித்து, 'தேர்ச்சி இல்லை' என்று. அதிகாரி படி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து, பிறகு நின்றுபோனது.

உன்னை எங்கேயும் அனுப்பமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. அந்த வாக்கைக் கொடுக்க அவளால் முடியாது, அந்த முடிவு இப்போது யாரோ ஒருவரின் மேஜைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவமானமாக இருந்தது. மகளுக்காக நெஞ்சு வலித்தது. எதிர் நாற்காலிக்குப் போகாமல் மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனிமே நான் தப்பா போட்டா சொல்லுடி. கோபப்படமாட்டேன். சொல்லு."

"இருபத்தி மூணும்மா."

"என்னது?"

"நீ தப்பா போட்டது."

அம்மா ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். "முதல்லேர்ந்து சொல்லு" என்றாள். மகள் நோட்டைத் திறக்கவில்லை. எந்தப் பாடம், எத்தனையாவது கேள்வி, தான் என்ன எழுதியிருந்தோம் என்று மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.