உறைக்குள் இருந்த சீப்பு

நாற்பத்து மூன்று வயதில் இவ்வளவு வெட்கம் வரும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. தொழிற்சாலை கேன்டீனில் எல்லோருக்கும் அக்காவாக, மலை மலையாகக் காய் நறுக்கியே காலத்தை ஓட்டியவள் அவள். இவளுக்கு இனிமேல் எங்கே கல்யாணம் என்று சொந்தபந்தம் எல்லாம் கை கழுவிவிட்ட பிறகுதான், தெருமுனையில் செருப்புத் தைப்பவர் அவள் வாழ்க்கைக்குள் வந்தார். அறுந்த வாரைத் தைக்கக் கொடுக்கப் போனவள், அறாத செருப்பையும் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அவரும் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு தையல் போட்டுக் கொடுத்தார். கடைசியில் இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கியதும் பழுது பார்ப்பதற்காக கேன்டீனை மூடினார்கள். அக்கா தன்னுடைய மூன்று கத்திகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எவர்சில்வர் இல்லை, பழைய கறுப்பு இரும்பு. தீட்டினால் தக்காளித் தோல் தானாகப் பிரியும்; கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். பெரியவன், நடுவன், சின்னவன் என்று பிள்ளைகளைப் போல அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள்.

அவர் சும்மா இருப்பாரா? ராப்பகலாகக் குனிந்து உட்கார்ந்து மூன்று தோலுறை தைத்தார். உள்ளே வெல்வெட், ஓரத்தில் சிவப்பு நூல், மேலே பிடியும் மறையும்படி ஒரு மடிப்பு மூடி.

"நான் கடையில இருந்தாலும் உன் பிள்ளைங்களை நான் தூக்கி வச்சிருக்கற மாதிரி இருக்கும்ல" என்றார்.

அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சில நாள் கழித்துப் பெரியவனை உருவிப் பார்த்தாள். அலகு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். துரு. தோல் மழைக்காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டு நாள் முழுக்க இரும்பைக் கட்டிப் பிடித்திருந்தால் வேறு என்ன ஆகும்? சொல்லிவிட்டால் அந்த மனுஷன் மனசு உடைந்துபோகும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் அரித்துப் போவார்கள். கத்தியை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். கண்ணீர் பட்டால் அதுவும் ஈரம்தானே என்று பதறிக் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு மீதியை அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். உப்புத்தாளால் துருவைத் தேய்த்தெடுத்தாள். கழுவி, துணியால் ஒற்றி, அடுப்பு ஓரத்தில் நன்றாகக் காய வைத்தாள். சமையல் எண்ணெய் தடவினால் நாளாக நாளாகப் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். அதனால் அவருடைய தையல் மெஷின் எண்ணெயைக் கொஞ்சம் திருடி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் படுக்க வைத்தாள். வேலைக்குப் போகும் அன்று சோப்புப் போட்டுக் கழுவினால் எண்ணெய் போய்விடும். உறைகள் காலியாகத் தொங்கினால் மாட்டிக்கொள்வோமே என்று பெரியதில் அடிக்கோலையும் நடுவில் உள்ளதில் மரக்கரண்டியையும் செருகினாள். சின்னதற்குச் சரியாக அமைந்தது அவருடைய சீப்புதான்.

அவர் சீப்பைத் தேடிக் கட்டிலைப் புரட்டிப் போட்டார். எண்ணெய்ப் புட்டி இறங்குவதையும் கவனித்தார். அதோடு மனைவியின் விரலில் மெஷின் எண்ணெய் வாசம். அவ்வளவுதான், கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேச ஆரம்பித்தார்: தான் அசந்த நேரம் பார்த்து அவளே மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைக்கிறாளாம், இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று. அந்தப் பேச்சு அக்காவின் காதுக்கும் வந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கேன்டீன் திறந்த அன்று, கத்திகளைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, உறைகளை 'மறந்து' வீட்டிலேயே விட்டுப் போனாள். ஐயோ பாவம், மறந்துவிட்டாளே என்று அவர் அவற்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். சமையலறையே திரும்பிப் பார்த்தது.

"வாங்க மாமா, அக்காவோட நகையெல்லாம் நீங்கதான் சுமக்கறீங்களா?" என்றாள் பாத்திரம் கழுவுகிறவள்.

மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு வந்து உறைகளைத் தடவிப் பார்த்தார். கத்தியை உருவிக் காட்டச் சொன்னார். அக்கா வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் உருவிவிட்டார்; அடிக்கோல் வெளியே வந்தது. அடுத்து மரக்கரண்டி. கடைசியாக, அத்தனை பேர் முன்னாலும், அவருடைய சீப்பு. சிரிப்பில் பாத்திரங்கள் அதிர்ந்தன.

அவர் சிரிக்கவில்லை. சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா பையைத் திறந்து மூன்று கத்திகளையும் மேடையில் வைத்தாள். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. "தோல் ஈரத்தை விடாதுங்க. துருப்பிடிச்சிருச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அப்ப அந்த எண்ணெய்?"

"இதுங்களுக்குத்தான்."

"மெஷினுக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு நாள்கூட இல்லைங்க."

அவர் முகம் கோணியது. அழப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குபீரென்று சிரித்தார்; சிரித்துச் சிரித்து மாவு மூட்டை மேல் சாய்ந்துவிட்டார்.

"நனைஞ்ச செருப்பு எத்தனை நாள் காயாதுன்னு ஊருக்கே சொல்றவன் நான். உன்னைப் பார்த்ததுல எல்லாம் மறந்துபோச்சு" என்றார். "இனிமே உறை போக வர வழிக்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைங்க டப்பாவுக்குள்ள."

அன்று சாயங்காலம் கத்திகள் உறையில் ஏறி, அவர் தோளில் தொங்கிக்கொண்டு வீடு வந்தன. வாசல் தாண்டியதும் அவரே உருவி, துடைத்து, எண்ணெய் பூசி, தாளில் சுற்றினார். மீந்த ஒரு சொட்டை மெஷினில் விட்டாள் அக்கா. அவர் தலையை வாரிக்கொண்டார்.