நான் ஒளித்து வைத்த ஆஸ்பத்திரிச் சீட்டு

ஐந்தாம் மாதம், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மகளுக்கு வலியே இல்லாமல் கர்ப்பம் கலைந்தது. அடுத்ததும் அதே மாதம், அதேபோல் ஓசையின்றிப் போனது.

"ஒங்க ஊரு வருசநாட்டுக் காட்டுலருந்து ஏதோ பேய் இவகூடவே வந்திருக்கு" என்றார் சம்பந்தியம்மா. படித்த நானும் வீட்டு மூலைகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது முறை உண்டானபோது டாக்டரம்மா, "கருப்பை வாயில முன்னாடி ஆபரேஷன் செஞ்சாகளா?" என்றார். சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்ததால், வழக்கம்போல "இல்லை" என்றேன்.

"ஏம்ப்பா மறைக்கிறீக? இதையும் பறிகொடுக்கணுமா?" என்றாள் மகள்.

கல்யாணமாகித் தலை ஆடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவளுக்குக் கருப்பை வாயில் ஒரு புண்ணை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். முப்பது வருடம் ஆபீஸில் ஒரு தாளையும் தொலைக்காத நான், அந்தச் சீட்டைச் சம்பந்திக்குத் தெரியாமல் ஒளித்திருந்தேன். அன்றே அதை எடுத்துவந்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன்.

"அந்த ஆபரேஷனால எல்லாருக்கும் இப்படி ஆகாது. இவளுக்குக் கருப்பை வாய் தளர்ந்திருக்கு" என்று டாக்டரம்மா தையல் போட்டார். பேத்தி மாதம் நிறைந்து பிறந்தாள்.

இப்போது எந்த டாக்டரிடமும் பழைய சீட்டைத்தான் முதலில் நீட்டுகிறேன். எங்கள் வீட்டில் ஒளிந்திருந்தது அது ஒன்றுதான்.