ரூபன் அண்ணனுக்கு நான் வைத்த ஃப்ளெக்ஸ்

கிடாரும் துள்ளலுமாக மூன்றே நிமிடப் பாட்டில் எங்களை ஆட வைத்த வேளாங்கண்ணி ரூபன் அண்ணன், பதினெட்டு வருடம் கழித்து இன்று புது ஆல்பம் வெளியிட்டிருக்கிறார்.

அதற்குக் கீழ்வேளூரில் ஃப்ளெக்ஸ் வைக்க ஆசைப்பட்டது நான்தான்.

காலையில் போய்ப் பார்க்கிறேன். அண்ணனின் பழைய கருப்பு வெள்ளைப் படம், சுற்றிலும் பூ, மேலே "பதினெட்டாம் ஆண்டு நினைவஞ்சலி". கீழே, கண்ணீருடன் என்று போட்டு என் பெயர்!

பக்கத்து டீக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் போய்ப் பதினெட்டு வருஷமாச்சா? எனக்கு யாருமே சொல்லலையேங்க!"

ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் கத்தினேன். அவரோ, "வாய்ஸ் மெசேஜப் பாதிதாங்க கேட்டேன். பழைய போட்டோ, பதினெட்டு வருஷம்னீங்க. வேற என்னங்க நெனைப்பேன்?" என்கிறார்.

அதற்குள் பாதி ஊர் ஸ்டேட்டஸில் அண்ணனின் பழைய பாட்டு, கூடவே அழும் பொம்மை. புது ஆல்பத்தை ஒருவரும் தொடவில்லை.

அண்ணனுக்கே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். உடனே கழற்றிவிடுகிறேன் என்றேன்.

"இருக்கட்டும்டா, ரெண்டு நாள் கழிச்சுக் கழட்டு. உசுரோட இருக்கிறவன் பாட்ட எவன்டா ஸ்டேட்டஸ்ல வச்சான்?"

புது ஆல்பத்தில் ஒரு பாட்டாவது கேட்டவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அண்ணன் படிப்பார். இருக்கிறார்.