பச்சை பூசிய தகரம்

வீட்டுத்திட்டப் பதிவுக்கு அதிகாரி வந்த அன்று அம்மாவும் தங்கச்சியும் நானும் இருந்தோம். வவுனியாவுக்குப் பெயின்ற் வேலைக்குப் போயிருந்த அப்பா இல்லை. பல வருடம் கழித்து இன்று, என் வாடகை அறைக்குப் பச்சைப் பெயின்ற் அடிக்கிறார்கள். வெயிலில் காயும் அந்த வாசம் மூக்கில் ஏறியதும், ஊரில், அக்கராயனில், இப்போது இல்லாத எங்கள் தகரக் கொட்டில் வீடு கண்முன் வருகிறது: அப்பா கொண்டுவந்த மிச்சப் பச்சையை அம்மா உள்ளே முழுக்கப் பூசியிருந்தார், பிஸ்கட் உறைகளில் நாங்கள் மடித்துக் கோர்த்த மாலை காற்றுக்குச் சரசரக்கும், பின்னேரங்களில் தேத்தண்ணியோடு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு இருப்போம்.

இருப்பிடம் மோசமானவர்களுக்குத்தான் முதலில் கல்வீடு என்று ஊரில் கதை. பக்கத்து வீட்டு மாமி காலையிலேயே வேலியடியில் நின்று, "பிள்ளை, அந்த மாலையைக் கழட்டி வை. உன்ர கொட்டிலைப் பாத்தா நீதான் எங்களுக்கு வீடு குடுக்கோணும் போல கிடக்கு" என்றார்.

"வாற ஆளுக்கு வீட்டை வடிவா வச்சிருக்கிறது பிழையே மாமி?" என்றபடி அம்மா முற்றத்தைக் கூட்டினார்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், மடியில் வைத்துப் படிவத்தை நிரப்பினார். வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான்தான். எட்டிப் பார்த்து வாசித்தேன்.

அவர் போனதும் அம்மா கேட்டார். "என்னடா எழுதினவர்?"

"இருப்பிடம் நல்ல நிலை எண்டு எழுதினவர், அம்மா."

அம்மாவுக்கு அன்று முழுக்கச் சிரித்த முகம். மாமியிடமும் போய்ச் சொன்னார்.

பட்டியல் வந்தபோது மாமியின் பெயர் இருந்தது, எங்கள் பெயர் இல்லை. அடுத்த பட்டியலில் பெயர் வரும்வரை, அந்தத் தகரத்தின் கீழ் மேலும் மூன்று மாரி மழையில் நனைந்தோம்.